ஒன்பது சுற்று இழை

பாம்பு கடித்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய கால் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். கையுறை போட்ட சுட்டுவிரலால் விரலின் அடியைச் சுற்றித் தடவுவேன். வீங்கிய கால் என்றால் இரண்டு முறை. கடி கையில் என்றால் கை விரல்களுக்கும் இதே கதிதான். இப்படிச் செய்யச் சொல்லி எந்த டாக்டரும் கேஸ் ஷீட்டில் எழுதியதில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் என் முதுகுக்குப் பின்னால், "மேடம் ஆம்பள கால்லயும் மெட்டி தேடுவாங்க" என்று சிரித்துக்கொள்வார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது.

காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் புண் கட்டும் நர்ஸ் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாம்புக்கடி என்றால் ஜனங்கள் விஷத்தை மட்டும்தான் நினைக்கிறார்கள். விஷமுறிவு மருந்து ஏறி, ஆள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டுவிட்டால் வீட்டில் கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். என் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நல்ல பாம்பின் விஷம் கடித்த இடத்தில் சதையைச் சாகடிக்கும். செத்த சதை கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு. அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் லேபில் இருந்த பாய்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடித் தட்டில் வளர்ந்த கிருமியை வெளிச்சத்தில் காட்டி, "இது பாம்போட சரக்கு இல்ல சிஸ்டர். அது முழுங்கின எலியோட வயித்துல இருந்தது. பாம்பு வாயில தங்கி, பல்லு வழியா இறங்குது" என்றார். 

என் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் நீளம். நான் வார்டுக்குள் நுழைகிறேன் என்றால் கட்டிலடியில் இருக்கும் கூடைகள் தானாக உள்ளே நகரும். புண்ணில் மஞ்சள் பூசியவர்கள், சாணி வைத்தவர்கள், மந்திரித்துவிட்டு மூன்றாம் நாள் வந்தவர்கள், எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். திட்டினால்தான் உறைக்கும் என்பது என் கட்சி. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. "அந்த சிஸ்டர் கோவக்காரங்க, ஆனா கை சுத்தம்" என்று ஊருக்குள் ஒரு பேர். அந்தப் பேரை நான் நெற்றியில் விபூதி மாதிரி பூசிக்கொண்டு திரிந்தேன்.

விரல்களைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் ஓர் ஐயம்பேட்டைக்காரர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் பட்டுத் தறி. பின்சுவரைத் தாண்டினால் வயல். முந்தைய நாள் மழையில் வயல் நிறைந்து, எலிகள் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. எலியின் பின்னால் பாம்பு வந்திருக்கிறது. காலை பத்து மணிக்கு அவர் தறிக்குழியில் காலை இறக்கி மிதிகட்டையை மிதித்தபோது வலது கால் பெருவிரலில் கடித்துவிட்டது. முதலில் ஏதோ ஆணி குத்தியது என்றுதான் நினைத்தாராம். குனிந்து பார்த்தபோது குழிக்குள் படம் எடுத்துக்கொண்டு நின்றதாம். அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அறுந்துபோன பட்டு இழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள்தான் காலில் கட்டுப் போட்டு, தெருவில் போன ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவள். வந்து சேரும்போது அவருக்கு இமை தூக்க முடியவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவில் இருந்தவர்கள் கெண்டைக்காலில் இருந்த துணியை அறுத்து எறிந்துவிட்டு உயிரைப் பிடிக்கிற வேலையில் இறங்கினார்கள். பிடித்தும் விட்டார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் வார்டுக்கு வந்தார். அவசரப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவருடைய மூச்சைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கால் ஒன்றுதான். இதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. பாதத்தின் மேல் நீர் கோத்த கொப்புளங்கள். பெருவிரல் கறுத்து, பக்கத்து விரலோடு ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. நல்ல பாம்பு கடித்த விரல் கறுப்பது புதிதில்லை, அதனால் விரலைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கெண்டைக்காலைச் சுற்றித் துணி இறுக்கிய தடம் கன்றிப்போய் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருந்த அவருடைய மனைவியை உள்ளே கூப்பிட்டேன்.

"யாரு கட்டினது இது?"

"நான்தான் சிஸ்டர்."

"யார் சொல்லி கட்டின?"

"யாரும் சொல்லல. விஷம் மேல ஏறிடும்னு பயந்துக்கினு..."

"எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கெல்லாம்? பாம்பு கடிச்சா கட்டாத, கட்டாதன்னு தொண்ட கிழிய சொல்றோம். ரத்தம் ஓடாத காலு இன்னாத்துக்கு ஆவும்? இந்தக் காலு இப்டி இருக்கிறதுக்குப் பாம்பு பாதி, நீ பாதி."

அவளுடைய முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர், துணி மட்டும் இல்ல..."

"ஒண்ணும் பேசாத. வெளிய போய் நில்லு. நான் கட்டு மாத்தும்போது இனிமே நீ உள்ள வரவே கூடாது."

அவள் வெளியே போய் நின்றாள். அவள் சொல்ல வந்ததன் மிச்சம் என்ன என்று எனக்கு அப்போது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. வார்டில் இருந்த மற்ற சொந்தக்காரர்கள் பயந்துபோய் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். எனக்கு அது நிறைவாகவும் இருந்தது.

தினமும் காலையில் அவருக்குக் கட்டு மாற்றுவேன். கொப்புளம் உடைந்த இடங்களில் சீழ் பிடித்தது. உப்புநீரில் கழுவி, செத்த தோலைக் கத்தரித்து, சீழை வழித்து, மருந்துத் துணி வைத்துச் சுற்றுவேன். அவர் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். ஆறாம் நாளோ என்னவோ, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"சிஸ்டர் வூட்ல தறி இருந்ததா?"

"ஏன் கேக்கறீங்க?"

"மத்தவங்க கட்டு கட்டினா முடிச்சி போடறாங்க, இல்லாங்காட்டி பிளாஸ்திரி ஒட்டறாங்க. நீங்க முனைய அடியில சொருவி வுட்டுடறீங்க. பட்டு சுத்தின கைதான் அப்டி பண்ணும்."

பிடித்துவிட்டார். என் அப்பா நெசவாளி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் நூல் சுற்றுவதுதான் எனக்குச் சிறுவயதில் விதித்த வேலை. எனக்கு அது அறவே பிடிக்காது. பட்டில் முடிச்சு விழுந்தால் துணியில் தெரியும் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் முடிச்சுப் போட மாட்டார்கள். நூலைச் சுற்றினால் முனையைச் சுற்றுக்கு அடியில் செருகிவிட வேண்டும். இழுத்தால் இன்னும் இறுகும், அவிழாது, எங்கே முடிந்தது என்றும் தெரியாது. நர்ஸ் படிக்கப் போனதே அந்த ராட்டையிலிருந்து தப்பிக்கத்தான். ஆனால் கை தப்பவில்லை. "ஆமா, இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் என் கையில் ஒரு துப்பைக் கொடுத்தார். நான் அதை வாங்காமல் போனேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினோம். பாயின் அறிக்கையில் இரண்டு வகைக் கிருமி இருந்தது. நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த மருந்துக்கு அதில் ஒன்று மசியாது. மருந்தை மாற்றினோம். இரண்டு நாளில் காய்ச்சல் விட வேண்டும், சீழ் குறைய வேண்டும். கெண்டைக்காலில் வீக்கம் வடிந்ததே தவிர, பாதம் மோசமாகிக்கொண்டே போனது. பெருவிரலிலிருந்து கறுப்பு இறங்கிப் பாதத்தின் மேல் நகர்ந்தது. நான் பேனாவால் அதன் விளிம்பில் கோடு போட்டு வைப்பேன். மறுநாள் காலை கறுப்பு என் கோட்டைத் தாண்டியிருக்கும். அந்த வாசனையைச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தபிறகும் தலைமுடியில் இருக்கும்.

எங்கள் டாக்டர் சின்ன வயசு. பொறுமைசாலி. கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"மருந்து சரியான மருந்துதான் சிஸ்டர். ஆனா அது ரத்தத்துலதான போகணும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அந்த விரலுக்கு ரத்தமே இல்ல."

"விஷம் சார். விரலு செத்துப்போச்சு."

"இருக்கலாம்" என்றார். "விரல எடுத்துடுவோம். பாதமாவது நிக்கட்டும்."

அந்தப் பாதம் நின்றால் அவர் மறுபடி தறியில் உட்காருவார். மிதிகட்டையை மிதிக்க அவருக்கு அது வேண்டும். அவர் என்னிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான். "காலு தங்கிடும்ல சிஸ்டர்?" என்பார் தினமும். "நீங்க அடங்கி இருந்தா தங்கும்" என்பேன். வாசலில் நின்று அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் நான் கதவைத் தாண்டும்போது ஏதோ கேட்க வருவதுபோல் நிமிர்வாள். என் முகத்தைப் பார்த்ததும் பிளாஸ்க்கின் மூடியைத் திருக ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்பதாம் நாள் விரலை எடுத்தார்கள். டாக்டருக்குக் கை கொடுத்தது நான். பெரிய வேலை ஒன்றும் இல்லை. விரல் தானாகவே விலகும் நிலையில்தான் இருந்தது. டாக்டர் அதை எடுத்துத் தட்டில் வைத்தபோது, அதன் அடியில், சதைக்குள் புதைந்து, ஒரு கோடு தெரிந்தது. இரத்த நாளம் என்றுதான் நினைத்தேன். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது.

"இன்னா சிஸ்டர் அது, கட்டுத் துணி நூலா?" என்றார் டாக்டர் நிமிராமல்.

"ஆமா சார்."

உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டேன். இரத்தம் கலைந்து போனது. சிவப்பு போகவில்லை. இரண்டாம் முறை கழுவினேன். போகவில்லை. அரக்கு. கல்யாணப் புடவைக்கு எடுக்கிற அரக்கு. ஈரத்தில் மினுங்கியது. எங்கும் முடிச்சு இல்லை. அந்த அறையில் இருந்தவர்களில் அது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வார்டுக்கு வந்த அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியவளும் நான்தான். தறியில் உட்கார்ந்திருப்பவனைப் பாம்பு கடித்தால் பக்கத்தில் இருப்பவள் கைக்கு முதலில் என்ன கிடைக்கும்? நூல் கையிலேயே இருந்திருக்கிறது. கடித்த விரலின் அடியில் அதைச் சுற்றி, பழக்கத்தில் முனையை உள்ளே செருகிவிட்டு, அப்புறம்தான் துண்டைக் கிழித்து மேலே கட்டியிருக்கிறாள். துணியை எல்லோரும் பார்த்தோம். இழை வீக்கத்துக்குள் போய்விட்டது. துணி மட்டும் இல்லை என்று அவள் சொல்ல வந்தாள்.

அதை ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டேன். கையைக் கழுவினேன். வெளியே வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் போனேன்.

பாதம் நிற்கவில்லை. கிருமி உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். குதிகால் மிஞ்சியது. அதன் பிறகு காய்ச்சல் ஒரே நாளில் விட்டது. புண் ரோஜா நிறத்துக்கு வந்தது. இதுவரை வேலை செய்யாத மருந்து இப்போது வேலை செய்தது.

மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு டாக்டரிடம் சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்துத்தான். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவர் கேஸ் ஷீட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். "வார்டுக்கு வரும்போதே விரல் போயிருக்கும் சிஸ்டர். பாதம் தப்பிச்சிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். விஷம் எவ்ளோ தின்னுச்சு, நூலு எவ்ளோ தின்னுச்சுன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன் சார்" என்றேன்.

சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, நெசவாளி வீட்டுக்குப் போகிற நாள் வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். பாம்பு பாதி, நான் பாதி" என்றாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நான் சொன்ன வார்த்தையை அவள் மருந்துச் சீட்டு மாதிரி மடித்து வைத்திருந்தாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் நீளம் என்று பேர் வாங்கியவள்.

"மாத்திர வேளா வேளைக்குக் குடுமா" என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். ஆனால் அந்த இழை என்னை விடவில்லை. யாருக்காவது கட்டு அவிழ்க்கும்போது, கடைசிச் சுற்று வந்து துணி கையோடு வந்தபிறகும், இன்னும் ஒரு சுற்று மிச்சம் இருப்பதுபோல் விரல் தேடுகிறது. கருட சேவைக்குக் கூட்டத்தோடு நிற்கும்போது முன்னால் நிற்கிற பெண்ணின் அரக்குக் கரை கண்ணில் பட்டால் எனக்குச் சாமி தெரிவதில்லை, தட்டில் இருந்த விரல்தான் தெரிகிறது. அக்கா மகள் கல்யாணத்தில் எனக்கென்று எடுத்த அரக்குப் புடவையைக் கட்டாமல் வேறு கட்டிக்கொண்டு போய், அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. காரணம் கேட்டாள். நிறம் பிடிக்கவில்லை என்றேன். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அரக்குப் பிடிக்காது என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வார்டில் திட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். முழுசாக விடவில்லை. ஆனால் திட்ட வாய் வரும்போது, எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்ல வருகிறாரா என்று முதலில் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பாம்புக்கடி பற்றிப் பேசச் சொன்னார்கள். கூரம், முசரவாக்கம் எல்லாம் போனேன். ஐயம்பேட்டை என்றதும் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஆள் இல்லை. நெசவாளர்கள் கூடுகிற ஒரு கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் ஆரம்பித்தேன். கடித்த காலை ஆட்டாமல் வையுங்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

"எதையும் கட்டாதீங்க. துணியால கட்டாதீங்க, கயித்தால கட்டாதீங்க" என்றேன். பிறகு மற்ற ஊர்களில் சொல்லாததைச் சொன்னேன். "பட்டு இழையால சுத்தாதீங்க. அது சதைக்குள்ள போயிடும், கண்ணுக்குத் தெரியாது. அப்டியே அவசரத்துல சுத்திட்டீங்கன்னா, வந்ததும் அத சொல்லிடுங்க. நர்சு திட்டினாலும் பரவால்ல, மறுபடி மறுபடி சொல்லுங்க."

பின்வரிசையில் ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். அவள்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முன்னைவிட மெலிந்திருந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் வந்தாள். நான் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்குவதுபோல் நின்றேன்.

"அது கெடச்சுதா சிஸ்டர்?" என்றாள்.

"கெடச்சுது."

"எப்போ?"

"விரல எடுத்தப்போ."

அவள் தலையை ஆட்டினாள். "ஒம்போது சுத்து" என்றாள். "எண்ணிக்கினேதான் சுத்தினேன். பயத்துல கையி எண்ணிக்கினு இருந்துது. துணிய அறுத்தப்போ அதையும் அறுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். அப்பால சந்தேகம் வந்துது. அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க பேசாதன்னீங்க. அதுக்கப்பால தெனம் சொல்லணும்னு நிப்பேன். தைரியம் வரல."

"தப்பு என்னுது" என்றேன். ஆறு வருஷம் நெஞ்சில் அடைத்திருந்தது இரண்டு வார்த்தையாகத்தான் வெளியே வந்தது. "நான் பேச வுட்டிருக்கணும். எங்க அப்பா தறிக்காரரு. நான் கேட்டிருக்கணும். உன்னப் பாதி பாதின்னு சொன்னனே, அது என் வாயி. இப்போ பாம்பு கடிச்சி யாரு வந்தாலும் விரல் விரலா இழை தேடறேன். என்ன மன்னிச்சுடு."

 மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கூடத்தின் வாசலில் யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று இருந்துவிட்டுப் பேசினாள்.

"நீங்களும் அதையேதான் நெனச்சுக்கினு இருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஆனா உங்களுக்கு வேற வேற காலு வருது சிஸ்டர், தேடிப் பாத்து மனச ஆத்திக்கலாம். எனக்குத் தெனம் அதே காலுதான்."

அடுக்கிய காகிதங்களை எடுத்துப் பைக்குள் வைத்தேன். 

"அவருக்குத் தெரியாது" என்றாள். "பாம்பு தின்னதுன்னுதான் நெனச்சுக்கினு இருக்காரு. ஊரெல்லாம், என் பொண்டாட்டிதான் என்னத் தூக்கிக்கினு ஓடினான்னு சொல்றாரு. நீங்க சொல்லிடாதீங்க. வாங்க, வந்து பாருங்க. வந்தீங்கன்னு தெரிஞ்சா, இட்டுக்கினு வரலியான்னு என்னத் திட்டுவாரு."

 போனேன். நான்கு வீடு தள்ளித்தான் வீடு. தறிக்குழியைச் சுற்றி இப்போது சிமென்ட் பூசியிருந்தார்கள். அவர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்றேன்.

"சிஸ்டரு" என்று சிரித்தார். "பாருங்க, நீங்க காப்பாத்தின காலு இன்னும் நெய்துக்கினு இருக்குது."

குதிகாலோடு நின்ற அந்தக் காலை நீட்டிக் காட்டினார். புண் ஆறி, தழும்பு வழவழவென்று இருந்தது. நன்றாக ஆறிய புண். அதைப் பார்த்து நர்சாக எனக்கு வந்த சின்னத் திருப்தியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மிதிகட்டையில் வழுக்காமல் இருக்கத் தினமும் அதன் மேல் துணி சுற்றிக்கொண்டுதான் உட்காருவாராம். பழைய வேட்டித் துணி ஒன்று மடியில் இருந்தது. அவள் வழக்கம்போல் கீழே உட்கார்ந்து அதை எடுத்தாள்.

"இவ கட்டினா நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்" என்றார் அவர். "ஆறு வருசமா சொல்றேன், இறுக்கிக் கட்டு, இறுக்கிக் கட்டுன்னு. கேக்கவே மாட்றா. நாலு மிதி மிதிக்கறதுக்குள்ள அவுந்துக்குது. கையில பலம் இல்லியாம். ஆட்டோவுல என்னத் தூக்கிப் போட்டவ, இப்போ பலம் இல்லன்றா. நீங்க ஒரு வாட்டி இறுக்கிக் கட்டிக் காட்டுங்க. உங்களப் பாத்தாவது கத்துக்கட்டும்."

அவள் என்னைப் பார்க்காமல் துணியை என் கையில் கொடுத்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் கட்டுப் போட்ட கை. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கைக்குத் தெரியும். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனையை அடியில் செருகினேன், இழுக்கவில்லை.

அவர் காலைக் குழிக்குள் இறக்கி, மிதிகட்டையை நாலு மிதி மிதித்தார். துணி கழன்று குழிக்குள் விழுந்தது.

"இன்னா சிஸ்டர்" என்றார் அவர். "நீங்களுமா?"